தரையில் கிடந்த பூ

அஸ்ஸலாமு அலைக்கும். மேடையில் வீற்றிருக்கும் காப்பக இயக்குநர் பாக் விராத்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், நாம் இழந்த டாக்டர் எனுங் அவர்களின் அருமை மகள் லிலிஸ் அவர்களே, செடிகளைத் தாளில் ஒட்டும் சகோதரிகளே, என்னோடு மரம் ஏறிய தோழர்களே! எனக்கு முன்னால் ஆறு பேர் பேசிவிட்டார்கள். நன்றாகவே பேசினார்கள். எனக்கு நிற்கத் தெம்பில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

டாக்டர் எனுங் சுமியார்சி! நாம் எல்லாரும் இபு, அம்மா, என்று கூப்பிட்டவர்! இந்த உலர்தாவரக் காப்பகத்தில் முப்பத்தாறு ஆண்டுகள்! பெயரில்லாமல் வந்த ஒவ்வொரு கிளைக்கும் குடும்பம் எது, பேரினம் எது, இனம் எது என்று தேடி இடம் கொடுத்தவர். இலைக் காம்புகளுக்கு நடுவே நகத்தால் தடவிப் பார்த்து, "இது காப்பி வீட்டுப் பிள்ளை, அந்த அலமாரிக்கு அனுப்பு" என்பார். ஒரு நாள் புதிதாக வந்த ஆய்வாளர் ஒருவர், தவறான பெயர் எழுதிய பழைய சீட்டைத் தாளிலிருந்து கிழித்துவிட்டார். அன்று இபு எனுங் போட்ட சத்தம் தோட்டம்வரை கேட்டது. "தப்பா எழுதினவங்களும் நம்ம ஆளுங்கதான்! கிழிக்காதீங்க. பக்கத்துல உங்க சீட்டை ஒட்டி, பேரும் தேதியும் போடுங்க!" அதுதான் இந்தக் கட்டடத்தின் வழக்கம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் பெயரால் ஒரு மரம் இருப்பது உங்களுக்குத் தெரியும். செலாங் மலையில் நான் ஏறிக் கொண்டுவந்தது. அதன் இலையையும் மஞ்சள் பூவையும் கல்லில் செதுக்கி, இபு நினைவாக வாசலில் வைக்கப் போவதாக நேற்றைய அறிவிப்பில் பார்த்தேன். சற்றுமுன் இயக்குநர் வாயாலும் கேட்டோம். வேண்டாம் பாக் விராத்மா. அந்தக் கல்லை வைக்காதீர்கள். அப்படி ஒரு மரம் உலகத்தில் இல்லை!

அன்று காலையிலிருந்து மழை. அது அன்றைக்கு நான் ஏறிய மூன்றாவது மரம். வழுக்க வழுக்க ஏறி, இலைக் கிளையை வெட்டிப் போட்டேன். பூ இல்லை. இறங்கிப் பார்த்தால் அடியில் மஞ்சள் பூக்கள் புதிதாக உதிர்ந்து கிடந்தன. பொறுக்கி, இலையோடு சேர்த்துச் செய்தித்தாளில் மடித்தேன். தரையில் எடுத்ததைத் தரையில் எடுத்தது என்று குறிப்பேட்டில் எழுத வேண்டும். முதல் வாரத்திலேயே எல்லாருக்கும் சொல்லித் தரும் விதி அது. நான் "கிளையிலிருந்து வெட்டியது" என்று எழுதினேன். ஏன் எழுதினேன்? இன்னொரு மரம் ஏறச் சொல்லிவிடுவார்களோ என்ற அலுப்பு. அவ்வளவுதான்.

இபு எனுங் அதைப் பார்த்துத் துள்ளிக் குதித்தார். என்னை அண்ணன் முறை வைத்துக் கங் என்றுதான் கூப்பிடுவார். "கங் எங்கோஸ், இலை ஒரு குடும்பம் மாதிரி இருக்கு, பூ இன்னொரு குடும்பம் மாதிரி இருக்கு! இப்படி ஒரு மரத்த நான் பார்த்ததே இல்ல!" எப்படிப் பார்த்திருக்க முடியும்? நான்கு மாதம் கழித்து அதே மலையில், அதே மஞ்சள் பூ ஒரு கொடியில் பூத்திருப்பதைப் பார்த்தேன். மரத்தின் உச்சிவரை படர்ந்து பூவை உதிர்க்கும் கொடி. நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள், இது புது மர இனம் என்று இபு எழுதிய கட்டுரை அச்சாகி வந்துவிட்டது, மரத்துக்கு என் பெயரோடு. எங்கள் ஊர்த் தெருமுனையில் என்னைப் பாராட்டிப் பலகை வைத்தார்கள். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வேன்?

அந்த மரத்தைப் பூவோடு பார்க்க ஆண்டுதோறும் இபு அந்த மலைக்குப் போனார். மரம் பூக்கவே இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருவழியாகப் பூத்தது. சின்னச் சின்னப் பச்சைப் பூ. மரத்தடியிலேயே என்னைக் கேட்டார்.

"கங், மறைக்காம சொல்லுங்க. அந்த மஞ்சள் பூவைக் கீழேருந்து பொறுக்கலையே?"

"கிளையில வெட்டினது, இபு."

"அப்ப சரி. இது வேற மரம். நம்ம மரம் இன்னும் மேல எங்கயோ இருக்கு. வாங்க, நீங்க ஏறினா குரங்கே எடம் விட்டுடும்."

தன் கண்ணால் பார்த்ததை அவர் நம்பவில்லை. என்னை நம்பினார்! அதற்குப் பிறகும் பதினொரு முறை ஏறினார். இல்லாத ஒரு மரத்தைத் தேடி, அந்தச் சேற்றில், அந்தச் சரிவில், பதினொரு முறை! நானும் கூடவே நடந்தேன். ஒவ்வொரு முறையும் வாயை மூடிக்கொண்டு நடந்தேன்.

வெள்ளிக்கிழமை அவரை மண்ணுக்குக் கொடுத்தோம். இன்று காலை வீட்டுக்குப் போய் லிலிஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. "எங்கோஸ் மாமா, அம்மாவோட முட்டி ரெண்டும் போனது அந்த மலையிலதான்" என்றாள். சொல்லிவிட்டு எனக்குக் காப்பி ஊற்றி வைத்தாள்.

நண்பர்களே, மன்னிப்புக் கேட்பதற்காக நான் இங்கே நிற்கவில்லை. கேட்க வேண்டியவர் போய்விட்டார். இந்தக் காப்பகத்தில் என் கையால் வந்த தாள்கள் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினான்கு. திங்கட்கிழமை முதல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து உட்காரப் போகிறேன். கிளையில் வெட்டியதை வெட்டியது என்றும், பொறுக்கியதைப் பொறுக்கியது என்றும், நினைவில்லாததை நினைவில்லை என்றும் எழுதுவேன். என் பெயரில் இருக்கும் மரம் போகும். போகட்டும்.

பச்சைப் பூவோடு அன்று அவர் வெட்டிவந்த கிளை, பெயரில்லாதவற்றின் அலமாரியில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கிடக்கிறது. நேற்று மாலை எடுத்துப் பார்த்தேன். தாளின் மூலையில் இபு பென்சிலால் எழுதியிருக்கிறார்: "இலை அதேதான். ஆனால் பூவைப் பொறுக்கவில்லை என்கிறார் எங்கோஸ்."