பங்கர் வாசலில் வேலுச்சாமி

ஓடுகிறோம். முதல் குண்டு சமையல் கொட்டகை மேல் விழுந்துவிட்டது. தூரத்தில் 'டொப்' என்று ஒரு சத்தம். பிறகு விசில். பிறகு மண்மழை. செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம். ஆப்கானிஸ்தானில் ஒரு மலையடிவாரம், எங்கள் அமெரிக்க ராணுவ முகாம். யாரோ கத்துகிறார்கள். "இன்கமிங்! இன்கமிங்!"

பங்கர் என்பது ஒரு கான்கிரீட் கூடு. சுற்றிலும் மணல் மூட்டை. நான் உள்ளே விழுகிறேன். திரும்பிப் பார்க்கிறேன். வேலுச்சாமி வாசலுக்கு வந்துவிட்டான். இன்னும் ஓர் எட்டு வைத்தால் போதும். குனிகிறான். பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கிறான்.

உள்ளே சுவரில் ஒரு முருகன் படம் இருந்தது. அவனே டேப் போட்டு ஒட்டியது. தினமும் காலையில் பூட்ஸை வெளியே கழற்றி வைத்துவிட்டுப் போய்க் கும்பிடுவான். கூட இருந்த வெள்ளைக்காரப் பையன்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் பழகிவிட்டார்கள். நம் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாமி இருக்கும் இடத்துக்குள் செருப்போடு நுழைய நம் கால் வராது. குண்டு விழும்போதும் வரவில்லை.

"ஷூவோட வாடா வேலு! ஷூவோட வா!"

நிமிர்ந்து பார்த்தான். காதில் விழுந்ததா, தெரியாது. இரண்டாவது குண்டுக்கு விசில் கேட்கவே இல்லை.

உள்ளே இழுத்துப் போட்டேன். கழுத்தில் ரத்தம் பீறிட்ட இடத்தை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தேன். ஹெலிகாப்டர் சத்தம் வந்தபோது அவன் இல்லை. படம் ஒட்டினபடியே இருந்தது. அதன்மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்றுவரை தணியவில்லை.

நாங்கள் ரிசர்வ் சிப்பாய்கள். கூப்பிட்டால் போக வேண்டும். மற்ற நாட்களில் நான் டெக்சஸ், சுகர் லேண்டில் ஓர் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பார்ப்பவன். அவன் எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியர். காங்கயம் பக்கத்துக்காரன். ஃப்ரீவேயில் இரண்டு மணி நேரம் மேற்கே போய், முள்ளும் கல்லுமாகக் கிடந்த ஒரு நிலத்தை வாங்கினான். வார இறுதி முழுக்க அங்கேதான். முள் வெட்டினான். கம்பி வேலி போட்டான். தண்ணீருக்கு போர்வெல் போட்டான். திமில் வைத்த மாடுகளாகப் பார்த்து வாங்கி விட்டான். அவற்றின் பாட்டன் பூட்டன் நம் நாட்டிலிருந்து கப்பலேறியவை என்று வருகிறவர்களிடமெல்லாம் அளப்பான். மாடு மேய்க்கத்தான் லாயக்கு என்று பள்ளிக்கூடத்தில் வாத்தியார் திட்டினாராம். "அமெரிக்கா வந்து அதை ப்ரூவ் பண்ணிட்டேன்டா" என்பான்.

ஒன்றில் மட்டும் பிடிவாதம். கறிக்கு விற்க மாட்டான். வளர்ப்பவர்களுக்குத்தான் கன்று கொடுப்பான். டெக்சஸில் அப்படி மாடு வளர்ப்பவனைப் பைத்தியம் என்பார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர் முகத்துக்கு நேரேயே சொன்னார். இவன் சிரித்தான். சம்பளத்தில் பாதி தீவனத்துக்குப் போனது. முகாமிலிருந்து வீட்டுக்கு போன் போட்டால் முதலில் மாட்டை விசாரிப்பான், அப்புறம்தான் மனைவியை. கவிதா அதற்குக் கோபித்துக்கொள்வாள்.

நான் திரும்பி வந்த வருடம் மழை இல்லை. புல் கருகிவிட்டது. வைக்கோல் கட்டு கிடைக்கவில்லை. கவிதாவுக்கு வேலை, டேகேரில் மகள் மித்ரா, இரண்டு மணி நேரத் தூரத்தில் பட்டினி கிடக்கும் மாடுகள். வேறு வழி பார்க்கலாம் என்றேன். எனக்கும் ஒரு வழியும் தெரியவில்லை.

"அண்ணா, என்னால மேனேஜ் பண்ண முடியலைங்ண்ணா. அவரு இருந்தா வித்திருக்க மாட்டாரு. அவரு இல்லையேண்ணா."

வளர்க்க வாங்குவார் உண்டா என்று எங்கெங்கோ கேட்டேன். எல்லோருமே விற்றுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் வந்தவன் கறிக்கடைக் கம்பெனியின் ஆள். எலும்பைத் தடவிப் பார்த்தான். தலையாட்டினான்.

மறந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்லிவைக்கிறேன். போனது இவ்வளவு. வேலுச்சாமி, வயது முப்பத்தாறு. முதல் குண்டில் சமையற்காரர் ஒருவர். என் இடது காது. முள் வெட்டித் திருத்திய நிலம், அதையும் விற்றாயிற்று. பதினான்கு பசுக்கள், ஒரு காளை, பால் மறக்காத மூன்று கன்றுகள். மாடெல்லாம் ஒரே லாரியில். மித்ரா என் விரலைப் பிடித்துக்கொண்டு, அப்பாவுடைய மாடெல்லாம் எந்தப் பண்ணைக்குப் போகிறது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நல்ல பண்ணைக்கு என்று தமிழில் சொன்னேன். லாரி வளைவில் திரும்பி மறையும் வரை அவள் டாட்டா காட்டிக்கொண்டிருந்தாள்.