பதினேழாவது பெயர்

இந்த விசாரணை அறை மின்விசிறி கிறீச்சிடுகிறது, ஐயா. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் அடங்கிவிடும். எங்கே சத்தம் கேட்டாலும் அதை அடக்கிவிட்டுத்தான் எனக்கு மறுவேலை ஓடும்.

கல்வி அலுவலகத்தில் எனக்குக் கணினி வேலை. பத்தாம் வகுப்பில் யார் யார் தோற்கக்கூடும் என்று எங்கள் கணினி வருட ஆரம்பத்திலேயே பட்டியல் போடும். பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டும் மாலையில் இலவசத் தனி வகுப்பு. நல்ல திட்டம்தான்.

ஆனால் ஆலைக் குடியிருப்பில் நூற்றுக்கு முப்பது பிள்ளைகள் பட்டியலில் வந்தார்கள். மற்ற இடங்களில் பத்து. "எங்க பிள்ளைங்க நெத்தியில மக்குன்னு எழுதி ஒட்டுறீங்களா?" என்று பெற்றோர் வந்து கேட்டார்கள். கேட்டதில் தப்பே இல்லை. இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். "பாரபட்சம்னு பேச்சு வரக் கூடாதுப்பா. வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டு நம்பரும் ஒண்ணா இருக்கணும்."

முறையாகச் செய்ய மூன்று மாதம் வேண்டும். பள்ளி பள்ளியாக ஏறி இறங்கி, எந்தத் தகவல் அந்தப் பிள்ளைகளைத் தப்பாகக் காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். எனக்கு இருந்தது நான்கு நாள். ஆலைக் குடியிருப்புக்கு மட்டும் பட்டியலில் சேர்க்கும் எல்லையை மாற்றினேன். மற்றவர்களைவிட இன்னும் மோசமாக இருந்தால்தான் அங்கே ஒரு பிள்ளை பட்டியலுக்குள் வர முடியும். பட்டியலிலிருந்து நாற்பத்து மூன்று பெயர்கள் விழுந்தன. இப்போது அங்கேயும் நூற்றுக்குப் பத்து, மற்ற இடங்களிலும் பத்து. இயக்குநர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

கண்ணை மூடிக்கொண்டு செய்தேன் என்று நினைக்காதீர்கள். தனி வகுப்பே இல்லாத ஒரு பழைய வருடத்தின் விவரத்தில் இதைப் போட்டுப் பார்த்தேன். இப்படி விழக்கூடியவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் நிஜமாகவே தோற்றிருந்தார்கள். அந்த முடிவை அச்செடுத்த தாளை மடித்து இழுப்பறையில் வைத்தேன்.

பதினேழாவது பெயர் என் அக்கா மகள்.

அடுத்த வாரம் அவள் துள்ளிக்கொண்டு வந்தாள். "மாமா, என் பேரு லிஸ்ட்ல இல்ல. அப்ப நான் பாஸுன்னு கம்ப்யூட்டரே சொல்லிடுச்சுல்ல?"

"ஆமாடா கண்ணு" என்றேன்.

அன்றிலிருந்து வீட்டில் அவளுக்குக் கம்ப்யூட்டரம்மா என்று பெயர். அக்கா டியூஷனுக்கு விசாரித்து வைத்திருந்தாள். இனி எதற்கு என்று விட்டுவிட்டாள். நானும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

நாற்பத்து மூன்றில் முப்பத்தைந்து பேர் தோற்றார்கள். அதனால்தானே என்னை இங்கே உட்கார வைத்திருக்கிறீர்கள். அவளுக்குக் கணக்கில் பதினொன்று. நான் போனபோது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"கம்ப்யூட்டர் சரியாத்தான் சொல்லுச்சு மாமா. நான்தான் கெடுத்துட்டேன். ஆபீஸ்ல உங்களுக்கு அசிங்கமா போச்சா?"

இல்லை என்று மட்டும் சொன்னேன். இப்போது ஆலையில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறாள். தன்னை மக்கு என்றே இன்றும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

செய்தது நான்தான். தெரிந்தேதான் செய்தேன். இயக்குநரை இதில் இழுக்க வேண்டாம். பதினேழாவது பெயரில் மட்டும் என் கை கொஞ்ச நேரம் நின்றது. ஒரு பொத்தானை அழுத்தி அவளைத் திரும்பச் சேர்த்திருக்கலாம். சொந்தக்காரப் பிள்ளை என்று அவளுக்கு மட்டும் சலுகை காட்டினால் அது நியாயமா, ஐயா, நீங்களே சொல்லுங்கள்.