நிழலில் வைத்த டயர்

டயரை ஆணியில் மாட்டித் தொங்கவிடக் கூடாது. நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். தன் எடையிலேயே அது மெல்ல வடிவம் இழந்துவிடும். பிறகு எந்தச் சக்கரத்திலும் சரியாக உட்காராது. நிமிர்த்தி வைக்க வேண்டும். அவ்வப்போது கொஞ்சம் உருட்டி, தரையில் படுகிற இடத்தை மாற்ற வேண்டும். என் கிடங்கைத் திறந்த உங்கள் காவலர்கள் டயர்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுவிட்டார்கள், அஃபாண்டே. அதிகாரி நீங்கள் சொன்னால் கேட்பார்கள், நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள். மற்றதை நான் சொல்கிறேன்.

எங்கள் ஃபோர்ட் போர்ட்டல் டவுனில் வாடகைக்கு ஓடும் மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருபவை. அவற்றின் டயர் உப்பு விற்கிற கடையில்கூடக் கிடைக்கும். நான் தேடியது பழைய ஜப்பான் வண்டிகளுக்கு. பாதிரியார்களும் தேயிலைத் தோட்டத்து மேற்பார்வையாளர்களும் விட்டுப்போன வண்டிகள். உயரமானவை, முன்சக்கரம் பெரியது. மழைக்காலத்தில் எங்கள் மலைக் கிராமங்களுக்கு அவைதான் ஏறும். அந்த முன்சக்கர டயரை இப்போது யாரும் வரவழைப்பதில்லை. மூடிப்போன தோட்டத்தின் ஸ்டோர், இறந்துபோன மெக்கானிக்கின் வீடு, கம்பாலாவில் ஒரு கோழித்தீவனக் கடையின் பரண் என்று எங்காவது ஒன்று அகப்படும். வாங்கும் முன் முகர்ந்து பார்ப்பேன். நல்ல ரப்பருக்கு ஒரு வாசனை உண்டு.

"பலாப்பழத்த மோந்து பாக்கற மாதிரி பாக்கறியே, அராலி" என்று என் மனைவி சிரிப்பாள். "பழுத்தா சொல்லு, எனக்கு ஒரு சுளை."

அவள் பெயர் கபோனேசா. நான் கூப்பிட்டது அட்யேரி என்று. நீங்கள் வடக்கேயிருந்து வந்தவர், எங்கள் வழக்கம் தெரிந்திருக்காது. டோரோக்காரர்களான எங்களுக்குப் பிறந்தவுடன் வைக்கிற பெயர் ஒன்று. அன்பாகக் கூப்பிட இன்னொன்று. இந்த இரண்டாவது பெயர்கள் மொத்தமே ஒரு டஜன்தான் இருக்கும். ஊரே அவற்றைப் பங்குபோட்டுக்கொள்கிறது. ஒருவரை அந்தப் பெயரால் கூப்பிட்டால், உன்மேல் எனக்கு மனக்குறை இல்லை என்று பொருள். பகைத்துக்கொண்டவர்கள் முதலில் நிறுத்துவது அதைத்தான். சமாதானமும் அதில்தான் தொடங்கும்.

எனக்கு அந்தப் பெயர் அராலி, திபமன்யாவுக்கு அமூட்டி. அவன் என்னோடு பள்ளியில் படித்தவன். பாதிரியார் ஒருவரின் பழைய வண்டியை வாங்கி மலைக் கிராமங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தான்.

அட்யேரிக்குப் பிரசவ வலி எடுத்தபோது நான் கம்பாலாவில் இருந்தேன், ஒரு டயர் விஷயமாக. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அக்கம்பக்கத்தார் திபமன்யாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவன் வண்டியின் முன்டயர் மழுங்கி வழவழவென்று இருந்தது. தெரிந்தேதான் அவளை ஏற்றினான். இறக்கத்தில் ஒரு கல் அதைக் கிழித்தது. வண்டி விழவில்லை, ஆனால் அதற்கு மேல் ஓடவும் இல்லை. அவளை முதுகில் சுமந்து நடந்தானாம். ஆற்றுப் பாலத்தை எட்டும் முன்பே அவளும் வயிற்றிலிருந்ததும் போய்விட்டார்கள்.

நல்ல டயர் இல்லாதவன் ஏற்றியிருக்கக் கூடாது. துக்க வீட்டில் எல்லோரும் விதி என்றார்கள். நான் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவன். விதி என்று ஒரு பாடம் எங்களுக்கு இருக்கவில்லை.

அவன் வந்தான். சட்டையில் அவள் ரத்தம் காய்ந்திருந்தது.

"என்னைத் திட்டு, அராலி. ஒரு வார்த்தையாவது திட்டிடு."

"உக்காரு, திபமன்யா" என்றேன்.

அமூட்டி என்று நான் கூப்பிடாததைக் கேட்டதும் பக்கத்திலிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அதற்குப் பிறகு அவன் பிள்ளைத்தாய்ச்சிகளை மட்டுமே ஏற்றினான். கூலி வாங்குவதில்லை. பகலில் தோட்டத்தில் கொழுந்து மூட்டை தூக்கிப் பிழைத்தான். சந்தையில் பெண்கள் அவனை விடுவதில்லை. வாழைக்காய் விற்கிற ஒருத்தி ஒருநாள் நான் நிற்கும்போதே கேட்டாள்:

"ஏய் மருத்துவச்சி, என் மூட்டையும் மாசமாத்தான் இருக்கு. ஏத்திக்கக் கூடாதா?"

"வலி எடுத்ததும் சொல்லி அனுப்புக்கா. ஓடி வந்துடறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவன் முன்டயரைக் கம்பி வைத்துத் தைத்திருந்தான். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நாளில் ஒரு தோட்டத்து ஸ்டோரில் அதே அளவு டயர் கிடைத்தது. அதை என் கிடங்கில் வைக்கவில்லை. டயரைக் கெடுப்பது வெயில் மட்டும் என்று நினைக்கிறார்கள். மின்பொறி பறக்கிற இடத்தில் காற்றில் ஒரு வாயு உண்டாகும். தளர்ந்து கிடக்கிற ரப்பரை அது பெரிதாக ஒன்றும் செய்யாது. இழுபட்டு நிற்கிற ரப்பரைத்தான் தின்னும். அதனால் அந்த டயரை ஒரு பழைய ரிம்மில் ஏற்றி, காற்றை இறுக்கி, டவுனில் எனக்குத் தெரிந்த வெல்டிங் பட்டறையின் மூலையில் நிறுத்தினேன். பட்டறைக்காரருக்கு ஒன்றும் தெரியாது. அவரை விட்டுவிடுங்கள்.

இரண்டு மழைக்காலம் அது அங்கே நின்றது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வரும் வழியில் போய்ப் பார்ப்பேன். பக்கச் சுவரில் தலைமயிர் போல விரிசல்கள் வந்தன. பிறகு அவை ஆழமாயின. காற்றை இறக்கியதும் மூடிக்கொண்டன. மேலே கருப்பு ஷூ பாலிஷ் தேய்த்தேன். எந்த டயருக்கும் நான் அவ்வளவு பொறுமையாக வேலை செய்ததில்லை. அந்த மாதங்களில் எனக்குத் தூக்கம் நன்றாக வந்தது.

பிறகு அவனைச் சாப்பிடக் கூப்பிட்டேன். கேழ்வரகுக் களி கிண்டி, தோலுரித்த பீன்ஸ் மசியலும் செய்திருந்தேன். ஒரே கூடையிலிருந்து கிள்ளிச் சாப்பிட்டோம். அவன் சுவரோரம் இருந்த டயரைப் பார்த்தான்.

"எங்க கெடச்சுது?"

"தோட்டத்து ஸ்டோர்ல."

"யாருக்கு?"

"உனக்குத்தான், அமூட்டி."

அவன் கை களியிலேயே நின்றுவிட்டது.

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன்.

"என் பொண்டாட்டி கூப்பிட்டாக்கூட எனக்குக் காதுல விழறதில்ல, அராலி. நீ கூப்பிடலியேன்னே இருந்துச்சு." முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "பணம் எவ்வளவுன்னு கேட்டா அடிப்பியா?"

"அடிப்பேன்."

சிரித்தான். டயரை நானே மாட்டிக் கொடுத்தேன். அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அந்தப் பெயரைச் சொல்லிக் கொடுத்த பொருளை எங்கள் ஊரில் யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. அது எனக்குத் தெரியும். டயர் விஷயத்தில் எனக்கு உறுத்தல் இல்லை. அந்தப் பெயரைச் சொன்னது மட்டும் உறுத்துகிறது.

அவன் பின்னால் ஒரு பிள்ளைத்தாய்ச்சி இருப்பாள் என்று தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியும். அந்த வண்டியில் வேறு யார் ஏறினார்கள்? அதே இறக்கத்தில்தான் வெடித்திருக்கிறது. அவள் பள்ளத்துப் பக்கம் போய்விடாமல் இருக்க வண்டியைப் பாறைப் பக்கம் சாய்த்து, தன் தலையைக் கொடுத்திருக்கிறான். அந்தப் பெண் பிழைத்தாள் என்று சொன்னீர்கள். குழந்தையைப் பற்றி நீங்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆம், அவனைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

கிடங்கின் பின்சுவர் ஓரத்தில் நீலத் துணி சுற்றிய டயர் ஒன்று இருக்கும். துணி அட்யேரியுடையது. அதுவும் அதே அளவுதான். இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லை, நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். அட்யேரி போவதற்குச் சில நாள் முன்னால் திபமன்யா அதற்காக வீட்டுக்கு வந்தான்.

"ஒண்ணு வெச்சிருக்கியா, அராலி? முன்னால சுத்தமாப் பிடிமானம் இல்ல."

இல்லை என்றேன். அவன் கையில் கொடுத்தால் ஒரே மழைக்காலத்தில் தேய்த்துத் தீர்த்துவிடுவான். அது போல ஒன்று இனி வராது. கிடங்குக் கதவு பாதி திறந்திருந்தது. அவன் பார்த்தான் என்று நினைக்கிறேன். "சரி, கெடச்சா சொல்லு" என்று போய்விட்டான்.

அட்யேரி வயிற்றில் கை வைத்தபடி வாசலில் நின்றாள். "குடுத்திருக்கலாம்ல? இருட்டுல உக்காந்து அது என்ன குஞ்சா பொரிக்கப்போவுது?"

நான் டயர் கெடாமல் இருக்கப் பவுடர் தடவினேன்.

துக்க வீட்டில் அவன் இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிறகும் யாரிடமும் சொல்லவில்லை. என்னைத் திட்டு என்றுதான் கேட்டான்.

உங்கள் காவலர்களை அந்தத் துணியைக் கவனமாகப் பிரிக்கச் சொல்லுங்கள், அஃபாண்டே. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அந்த டயரில் ஒரு விரிசல்கூட இருக்காது. நான் அதை நன்றாக வைத்திருந்தேன்.