கிணற்றுக்கு ஓர் எண்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, குருக்கள் அவர்களே, மௌலவி அவர்களே, கதிரை போதாமல் வெளியிலும் நிற்கும் முல்லைத்தீவு மக்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நீர், சுகாதாரக் கூட்டுக்குழுவின் தகவல் இணைப்பாளர் திருமதி விமலேஸ்வரி தங்கராசா சென்ற வாரம் மாரடைப்பால் நம்மை விட்டுப் போனார். அவரோடு வேலை செய்த பொறியியலாளர் நான். வேலை செய்தேன் என்பதைவிடச் சண்டை பிடித்தேன் என்பதே பொருத்தம்.

சுனாமிக்குப் பிறகு உப்பேறிய கிணறுகளை இறைத்துச் சுத்தம் செய்ய எத்தனை நிறுவனங்கள் வந்தன! எல்லோருக்கும் பொதுவான பதிவு ஒன்று கணினியில் இருந்தது. ஆனால் கிணறுகளுக்குப் பெயர் வைத்தது யார்? அவரவர் வாய்க்கு வந்தபடி வைத்தார்கள். ஒருவர் 'முத்தலிப் வீட்டுக் கிணறு' என்று எழுதினார். அதே கிணற்றை இன்னொருவர் 'கடைக் கிணறு' என்றார். மூன்றாமவருக்கு அது 'வேம்படிக் கிணறு'. மூவரும் அந்த ஒன்றையே மாறி மாறி இறைத்தார்கள். அதே சிறு தெருவில், அதே ஒழுங்கையில், இன்னொரு முத்தலிப்பும் இருந்தார். அவருடைய கிணறு சுத்தமாகிவிட்டது என்று பதிவு சொன்னது. அங்கே ஒருவரும் போகவேயில்லை. அந்தத் தண்ணீரைக் குடித்த அவர் மகள் றிஸ்னா வயிற்றோட்டத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

"எங்கட கிணத்தடிக்கு ஒருத்தரும் வரேல்லையே, மிஸ்" என்று தாய் றாபியா சொன்னபோது விமலேஸ்வரி அழுததை நான் பார்த்தேன். நல்லகாலம், பிள்ளை பிழைத்தாள். அதன்பின் விமலேஸ்வரி யாரையும் சும்மா விடவில்லை.

ஊர், ஒழுங்கை, எண். எந்த நிறுவனமானாலும் அந்த வரிசையில்தான் கிணற்றைப் பதிய வேண்டும். கிணற்றுக்கட்டிலும் அதே எண்ணைப் பெயின்றால் எழுதுவித்தார். பிசகினால் பதிவைத் திருப்பி அனுப்புவார். பெரியவர், சிறியவர் என்று பார்க்கமாட்டார். என்னுடையதும் திரும்பி வந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"பேரில என்ன கிடக்கு, பிள்ளை? வேலை நடந்தாச் சரிதானே?"

"எந்தக் கிணத்தில நடந்ததெண்டு பிறகு ஆர் சொல்லுறது, சேர்? திருத்தித் தாங்கோ."

திருத்திக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது?

நாங்கள் வெட்டி முடித்திருக்கும் புதுக் கிணற்றுக்கு அவர் பெயரைச் சூட்டலாம் என்று குழு தீர்மானித்தது. நல்ல மனத்தோடுதான். நேற்று அவர் கணவர் தங்கராசாவிடம் சம்மதம் கேட்கப் போனோம்.

"வேண்டாம். அவா இருந்தாத் திருப்பி அனுப்பியிருப்பா" என்றார்.

ஆகவே, அன்பர்களே, அந்தக் கிணறும் ஊர், ஒழுங்கை, எண் என்றே பதியப்படும். எந்த நிறுவனம் வந்தாலும், எந்த அதிகாரி மாறினாலும் அந்த முறையை நாம் கைவிடமாட்டோம். பிழையைத் திருப்பி அனுப்ப இனி அவர் இல்லை. முதல் தடவையே சரியாக எழுதுவோம்.