ஒற்றைச் சாவி

— பாத்து எறங்கு பானு, சேறு வழுக்கும். கைய குடு. படகுக்காரரு டீசல் வாங்கிக்கினு வர அரமணி ஆவுமாம். அதுக்குள்ள டச்சுக்காரங்க கல்லறைய பாத்துடலாம்.

— நல்லாக்குதுய்யா! கண்ணாலம் ஆயி பத்து வருசம். ஒரு நாளு ரெண்டு பேரும் ஒண்ணா ஊரு சுத்த வந்தா, சுடுகாட்டுக்கு இட்டுக்கினு போற.

— பழவேற்காடு வந்துட்டு இத பாக்காம போனா எப்படி? முன்னூறு வருசத்து கல்லுடி.

— அடேய் தீனா! நீயா? வெளிச்சத்துல உன் மூஞ்சிய இன்னிக்கு தான் பாக்குறேன் நைனா!

— ஆ... அந்தோணி அண்ணே. இது என் ஊட்டுக்காரி.

— அப்படியா! வணக்கம்மா. கரையில வலை அப்படியே கெடக்குது, நான் வர்றேன். நாளைக்கு பாப்போம் தீனா.

— யாருய்யா அது? இன்னிக்கு தான் மூஞ்சிய பாக்குறாராம்?

— கம்பெனில கான்ட்ராக்ட்டுல இருந்தாரு. நைட் ஷிப்ட்டு. அத வுடு, இந்த வாசல பாரு. ரெண்டு பக்கமும் எலும்புக்கூடு. கல்லுல இன்னாமா செதுக்கிக்கிறான்!

— ஒண்ணு இந்தாண்ட, ஒண்ணு அந்தாண்ட. நம்மள மாதிரியே நிக்குதுங்க.

— இன்னா பேச்சு இது?

— பின்ன இன்னா? பொன்னேரி ஸ்டேஷன்ல காலைல நீ நைட்டு முடிச்சிக்கினு எறங்குவ, நான் கும்மிடிப்பூண்டிக்கு பகல் ஷிப்ட்டுக்கு ஏறுவேன். ஊட்டு சாவிய உன் கைல குடுப்பேன். சாயங்காலம் அதே எடத்துல நீ என் கைல குடுப்ப. ஆறு வருசமா அவ்ளோ தான குடும்பம்? இன்னொரு சாவி போட்டுக்கலாம்னு எத்தினி தபா சொன்னேன்!

— போட்டா அந்த ரெண்டு நிமிசமும் பூடுமே. அதான் வேணாம்னேன்.

— சரி. ஒண்ணு கேக்குறேன், பொய் சொல்லாத. மூணு மாசமா காலைல நீ ரயில்லேர்ந்து எறங்கறது இல்ல. பஸ் ஸ்டாண்டு பக்கத்து படியில எறங்கி வர்ற.

— அது...

— சாவி வாங்கற கைல எறா கவுச்சி. மொதல்ல வேற எவளோன்னு நெனச்சேன். எவளும் இவ்ளோ நாத்தம் அடிக்க மாட்டான்னு வுட்டுட்டேன். இந்த ஏரிக்கு தான் போவணும்னு நான் ஏன் அடம் புடிச்சேன்னு நெனச்ச?

— கம்பெனில ஆள கொறச்சிட்டாங்க பானு. பன்னெண்டு வருசம் மிஷின் ஓட்டினவன், இப்ப அந்தோணி அண்ணன் படகுல ராவெல்லாம் எறா பொறுக்கறேன்னு எந்த மூஞ்சிய வச்சிக்கினு சொல்லுவேன்? ஆனா ஒரு நாளு கூட சாவி வாங்க வராம இருந்தது இல்ல.

— ஆமா. கொட்டற மழையில கூட வந்த.

— தெரிஞ்சும் கேக்காம என் மானத்த காப்பாத்திட்ட பாரு, அது போதும்டி எனக்கு. இனிமே பகல்ல எதனா வேல பாத்துக்கறேன். ராத்திரிக்கு ஊட்டுக்கு வந்துடறேன். ஒண்ணா சாப்புடலாம், ஒண்ணா படுக்கலாம்.

— உன் மானத்துக்காக இல்லய்யா.

— பின்ன?

— கேட்டா நீ இத தான் சொல்லுவன்னு பயந்தேன். மொத வருசம் ராவெல்லாம் அழுதேன். ரெண்டாவது வருசம் டிவிய போட்டுக்கினு தூங்குனேன். இப்ப பாய நடு ஊட்ல விரிச்சு, கைய கால நீட்டிக்கினு தூங்கறேன். பக்கத்துல ஒரு ஆளு மூச்சு வுட்டா எனக்கு தூக்கம் வராது.

— வெளயாடாத பானு. நான் உன் புருசன்.

— இல்லன்னு யாரு சொன்னா? நீ நல்லவன் தான். அந்தோணி அண்ணன் கூடவே வேலைக்கு போய்க்கினு இரு. படகுக்காரரு கூப்புடுறாரு, வா. அதுக்கு முன்னாடி கைய நீட்டு.

— இன்னா இது? நம்ம சாவி என் ஜோபில கீதே?

— இது நேத்து போட்டது. நாளையிலேர்ந்து நீ பிளாட்பாரத்துல வந்து நிக்க வேணாம்.