காயலின் முதல் குட்டி

மேடையில் அமர்ந்திருக்கும் நம் தமிழ்ச் சங்கத் தலைவர் அவர்களே, பொள்ளாச்சியிலிருந்து வந்திருக்கும் குதிரைப் பண்ணை உரிமையாளர் திரு. வீரபாண்டி அவர்களே, முன்வரிசையில் இருக்கும் முனைவர் நீலகண்டனின் மகள் அம்மு, மட்டாஞ்சேரியின் சந்துகளிலிருந்தும் படகேறி எர்ணாகுளத்திலிருந்தும் வந்து கூடியிருக்கும் அன்பர்களே, எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

நான் கால்நடை மருத்துவர் அனந்தலக்ஷ்மி. முனைவர் நீலகண்டன் அவர்களோடு அந்தப் பண்ணையில் பல ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்தவள். போன வாரம் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ரயிலேறி வந்து உங்கள் முன்னால் நிற்கிறேன். எல்லாம் வேறு யாரோ செய்வதுபோல் இருக்கிறது. என் பேச்சு வறட்சியாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குதிரையே இல்லாத மட்டாஞ்சேரியில் குதிரை நிபுணருக்கு என்ன வேலை என்று இங்கே கேட்காதவர் உண்டா? சுக்கு மூட்டை வாசம் ஏறி வரும் அந்த மாடியறையில், ஆறிப்போன சாயாவோடு அவர் என்னதான் செய்துகொண்டிருந்தார்? எந்தப் பொலிகுதிரையை எந்தப் பெண் குதிரையோடு சேர்க்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பண்ணைக்கு வந்தாலும் முதலில் லாயத்துக்குப் போகமாட்டார். வீரபாண்டி அவர்கள் ஆசையாக ஒரு குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்துவார். இவர் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்காருவார். “குதிரையை அப்பறம் பாக்கறேன். ஆத்யம் அதோட குட்டிகளைப் பத்திச் சொல்லுங்கோ” என்பார். அழகான குதிரையைப் பார்த்துவிட்டால் தன் கணக்கு கெட்டுவிடும் என்று அவருக்குப் பயம்.

ராஜாளி என்று ஒரு பொலிகுதிரை இருந்தது. பந்தயங்களில் கோப்பைகளை அள்ளியது. அதனால் பண்ணையின் சிறந்த பெண் குதிரைகளையெல்லாம் அதற்கே விட்டார்கள். குட்டிகள் நன்றாக ஓடின. எல்லோரும் தகப்பனைக் கொண்டாடினோம், நானும்தான். நீலகண்டன் ஒருவர்தான் தாய்களைப் பற்றிக் கேட்டார். அதே பெண் குதிரைகள் வேறு குதிரைகளோடு சேர்ந்து ஈன்ற குட்டிகளும் அதே அளவுக்கு ஓடியிருந்தன. அப்படியானால் புகழ் யாருக்குப் போக வேண்டும்?

ஒரு குதிரை தான் ஓடுவது வேறு, ஓடும் திறனைப் பிள்ளைக்குக் கொடுப்பது வேறு. நல்ல தீனி ஓட வைக்கும். நல்ல பயிற்சி ஓட வைக்கும். ஏறி உட்காருபவரின் கைப்பக்குவமும் ஓட வைக்கும். இதில் எதுவும் குட்டிக்குப் போகாது. இவற்றையெல்லாம் கழித்துவிட்டு, குட்டிக்குக் கொடுக்க அதனிடம் என்ன இருக்கிறது என்று சொந்தபந்தங்களை வைத்து மதிப்பிடுவதுதான் இனப்பெருக்க மதிப்பு. அந்த ஒன்றைத் தேடித்தான் அவர் ஆயுள் போயிற்று.

அப்படித் தேடியபோது கிடைத்ததுதான் காயல். கால் அடிபட்டு ஒரு பந்தயத்திலும் ஜெயிக்காத குதிரை. ஆனால் அதன் உடன்பிறப்புகள் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு கைகளில் வளர்ந்தும் எல்லாமே ஓடின. இதைப் பொலிகுதிரையாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார் நீலகண்டன். வீரபாண்டி அவர்கள் அரைமனதாகத்தான் ஒத்துக்கொண்டார். அன்று அவர் சொன்னதை அவர் முன்னாலேயே சொல்கிறேன்: “உங்களுக்காகப் பொறுத்துக்கறேனுங்க. முதல் குட்டி சரியில்லீன்னா காயடிச்சுப் போடுவேனுங்க.”

அதற்கு நீலகண்டன், தகப்பனிடமிருந்து குட்டிக்குப் பாதிதான் வரும், எந்தப் பாதி என்று யாருக்கும் தெரியாது என்றார். “என் அம்முவைப் பாருங்கோ, கணக்குன்னா ஓடிப்போவா. அவ ஒருத்தியை வெச்சு என்னை எடை போட முடியுமோ?” என்றார். அம்மு சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

நேற்று விடிகாலையில் காயலின் முதல் குட்டி பிறந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். குட்டி எழுந்து நின்றதும் போனை எடுத்து அவரைக் கூப்பிட்டேன். எத்தனை வருஷத்துப் பழக்கம்! மணி அடிக்கும்போதுதான் புத்தியில் உறைத்தது. எடுத்தது அம்மு. அவளே கேட்டாள்: “குட்டி எப்படி இருக்கு மாமி? அப்பா அதைத்தானே கேப்பா.” குட்டியைப் பார்த்தபடியே போனை வைத்துவிட்டேன்.

இந்த மேடையில் நான் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவர் மறைந்த சோகத்தில் சிங்கம்போல ஒரு குட்டி பிறந்தது என்று சொன்னால் உங்கள் மனம் ஆறும். அப்படியில்லை. சுமாரான குட்டி. முன்னங்கால் சற்று வளைந்திருக்கிறது, எடையும் குறைவு. இதை நான் மறைத்தால் அதைவிட அவருக்குச் செய்யும் துரோகம் வேறு உண்டா? சோடை போன குட்டிகளைச் சொல்லாமல் விட்டுவிட்டு நல்லவற்றை மட்டும் சொல்லும் பண்ணைக்காரர்களிடம்தான் அவர் காலமெல்லாம் சண்டை போட்டார்.

வீரபாண்டி அவர்களே, நீங்கள் சொன்ன சொல்படி நாளைக்கே காயலைக் காயடிக்கலாம். குதிரை உங்களுடையது. ஆனால் காயலால் சினையான மற்றப் பெண் குதிரைகள் இன்னும் லாயத்தில் நிற்கின்றன. ராஜாளி விஷயத்தில் நடந்த தவறு நேராதபடி, உயர்ந்ததும் சுமாரானதுமாகக் கலந்து அவரே பார்த்துச் சேர்த்தவை. காயடித்த பிறகு அந்தக் குட்டிகள் பறந்து ஓடினாலும் பயனில்லை. அவர் கேட்டது ஒரு குட்டிக்கான பொறுமையை அல்ல, எல்லாக் குட்டிகளும் வளர்ந்து ஓடும்வரைக்குமான பொறுமையை. அவர் இருந்திருந்தால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தே உங்களிடம் அதை வாங்கியிருப்பார். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. கேட்கத்தான் தெரியும்.

வீரபாண்டி அவர்கள் என்னவோ சொல்கிறார். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, நான் சொல்கிறேன். “எல்லாக் குட்டியும் ஓடட்டுங்க. அதுவரைக்கும் அவன் மேல யாரும் கை வைக்கமாட்டாங்க” என்கிறார்.

ஐயா, நன்றி. பிறக்கிற ஒவ்வொரு குட்டியையும், நின்றதையும் விழுந்ததையும், ஒன்று விடாமல் குறித்துவைப்பேன் என்று இந்தச் சபையில் உறுதி சொல்கிறேன். மாலை போட்டிருக்கும் இந்தப் படத்தின் முன்னால் இதற்குமேல் எனக்குப் பேசத் தெரியவில்லை. நேற்று போனில் சொல்லாமல் விட்டதை மட்டும் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

நீலகண்டன், முதல் குட்டி சுமார்தான். வீரபாண்டி காயலை வைத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். மற்றக் குட்டிகள் வரட்டும்.