நான்கு குண்டூசிகள்

ஐயா, சின்ன உருவில் பற்றைச் செடி செய்வதற்குப் பள்ளிமுனைக் கரையில் ஒதுங்கும் சாதாளைப் பாசியைப் போலத் தோதான சாமான் வேறில்லை. உப்புப் போக மூன்று தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, பசையில் தோய்த்து நட்டால் உடைமரப் பற்றை அப்படியே வந்துவிடும். அவசரப்பட்டு வெயிலில் போட்டால் பொடிந்துபோகும்.

மேசையில் நீங்கள் பார்த்தது எங்கள் ஊர் ரயில் நிலையம். ரயில்வே கந்தோரில் முப்பது வருடம் வரைபடம் வரைந்தவன் நான். மீள்குடியேறி வந்தபோது தண்டவாளமும் இல்லை, சிலிப்பர் கட்டையும் இல்லை. எல்லாம் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன. மேடை மட்டும் கிடந்தது. அதை வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சின்னதாகக் கட்டத் தொடங்கினேன். ஏழேகால் அடிக்கு ஓரங்குலம். தினமும் காலையில் அளவுநாடாவோடு போய் அளப்பேன், பின்னேரம் மேசையில் வைப்பேன். சந்தோஷமாக இருந்தேன்.

பக்கத்துக் கொட்டில் ஏரம்பு வயல் செய்கிறவன். பெண்சாதி சிவலட்சுமிக்குக் குசினி கட்டவென்று மேடைக் கல்லைப் பெயர்க்கத் தொடங்கினான். முதல் நாள் ஆறு கல், மறுநாள் பத்து. நான் அளந்தது என் கண்ணெதிரே பொய்யாகிக்கொண்டிருந்தது. தன்மையாகத்தான் கேட்டேன்.

"கோச்சி வரேக்க அவங்கள் புது மேடை கட்டுவாங்கள், அண்ணை. இவள் மழைக்குள்ள அடுப்பு மூட்டுறாள். உங்களுக்கு இது விளையாட்டுச் சாமான்தானே?"

விளையாட்டுச் சாமான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

மேடைக்கும் கொட்டில்களுக்கும் நடுவே மிதிவெடி எடுபடாத நிலம். வெடி எடுப்பவர்கள் அதன் எல்லையில் சிவப்புத் தலை முளைகள் அடித்திருந்தார்கள். ஏரம்பு அந்த வரிசையைச் சுற்றிக்கொண்டுதான் கல் சுமப்பான். அவர்கள் வேலைக்கு வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான்கு முளைகளைப் பிடுங்கி ஐந்து எட்டு உள்ளே தள்ளி நட்டேன். எனக்கும் பயம்தான், ஒவ்வொரு எட்டையும் மண்ணைத் தடவித் தடவித்தான் வைத்தேன். மேடைக்குப் போகும் வழி கொஞ்சம் கிட்டவாகியது, அவ்வளவுதான். அந்த வழியால் போ என்று நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஏரம்புக்குக் காய்ச்சல். சாக்கோடு வந்தது சிவலட்சுமி. நான் மேடையில் நின்றேன், நாடாவின் நுனி கையில் இருந்தது. பழைய சுற்றுவழியில் திரும்ப இருந்தவள் நின்று முளைகளைப் பார்த்தாள்.

"நேற்றுத் துப்பரவாக்கிப் போட்டாங்கள் போல, என்ன அண்ணை?"

நில் என்ற சொல் என் வாய்க்குள் இருந்தது. சொன்னால் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள்.

"ஓம்" என்றேன்.

எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழாவது எட்டு.

அதற்குப் பிறகு மேடையில் ஒரு கல்லும் அசையவில்லை. ஏரம்பு குசினியையும் பாதியில் விட்டுவிட்டான்.

நேற்று நீங்கள் விசாரணைக்கு வந்து என் மேசையில் அடிமட்டத்தை வைத்து அளந்தீர்கள். முளைகளுக்காக நான் குத்திய சிவப்புக் குண்டூசிகள் ஓரிடத்தில், நிலத்தில் முளைகள் வேறிடத்தில். தினமும் அளக்கிறவருக்கு இது தெரியாமல் போனதோ என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அந்த நான்கு ஊசிகளையும் ஒன்றேமுக்கால் அங்குலம் தள்ளிக் குத்தியிருந்தால் நான் இந்தக் கதிரையில் இருக்க மாட்டேன். இரண்டு தரம் கையைக் கொண்டுபோனேன். பிழையான இடத்தில் வைக்க மனம் வரவில்லை.

முளைகளை மாற்றியது நான்தான். ஓம் என்றதும் நான்தான். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை பின்னேரம் அவள் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். மேசைக்கு மேலே குனிந்து, "இந்தச் சிவப்பு என்ன அண்ணை?" என்று கேட்டாள். "அதுக்கு அங்கால போகக்கூடாது பிள்ளை" என்று விரல் வைத்துக் காட்டினேன். ஒவ்வொரு ஊசியாகக் காட்டினேன். அவளுக்குச் சரியான இடத்தைக் காட்டிக் கொடுத்தவன் நான், ஐயா. காட்டின பிறகும் அவள் நிலத்தைத்தான் நம்பினாள்.